வளைவில் கார் திரும்புவது எப்படி? பின் சஸ்பென்ஷனை அமைத்தல் குறித்து ஓர் எளிய விளக்கம்

2020 மார்ச்சில் இலங்கைக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. அந்த ஐந்து ஆண்டுகளில் வன்னியில் பலர் கையிலிருந்த பழைய ஜப்பானியக் கார்களையே பழுதுபார்த்து, மெருகேற்றி வைத்துக்கொண்டார்கள். ஹொண்டா சிவிக், மிற்சுபிஷி லான்சர், சுபாரு இம்பிரேசா போன்ற வேகக் கார்களை வைத்திருக்கும் இளைஞர்கள் கிளிநொச்சியில் நான் வேலை செய்யும் கராஜுக்கு வரும்போது, பெரும்பாலும் ஒரே வேண்டுகோளோடுதான் வருகிறார்கள்: காரைப் பதித்து, அதாவது அதன் உயரத்தைக் குறைத்து, கடினமான ஸ்பிறிங் போட்டுத் தர வேண்டும், அப்போதுதான் வளைவில் நன்றாகத் திரும்பும் என்பது அவர்களுடைய எண்ணம். அந்த எண்ணத்தில் பாதிதான் சரி. மற்றப் பாதி காரின் பின்பக்கத்தில் இருக்கிறது. அதை முதன்முறையாகக் கற்பவருக்கும் விளங்கும்படி சொல்லவே இதை எழுதுகிறேன்.

ஸ்ரியறிங்கைத் திருப்பும்போது முன்சில்லுகள் மட்டுமே திரும்புவதால், வளைவை எடுப்பது முன்பக்கத்தின் வேலை என்று தோன்றும். உண்மையில் ஒரு வளைவில் நான்கு ரயர்களும் வீதியைப் பக்கவாட்டில் பற்றிக்கொண்டே போகின்றன. முன் ரயர்கள் தம் பிடியை முதலில் இழந்தால், நாம் ஸ்ரியறிங்கை எவ்வளவு ஒடித்தாலும் கார் வளைவின் வெளிப்பக்கத்தை நோக்கியே நேராகப் போகும். கராஜில் இதை அண்டர்ஸ்ரியர் என்போம், இக்கட்டுரையில் முன்வழுவல் என்று குறிப்பிடுகிறேன். பின் ரயர்கள் முதலில் இழந்தால் காரின் வால் வெளியே வீசப்பட்டு, கார் நாம் கேட்டதைவிட அதிகமாகத் திரும்பிவிடும். இது ஓவர்ஸ்ரியர், அதாவது பின்வழுவல். தொழிற்சாலையிலிருந்து வரும் கார் ஏறக்குறைய எல்லாமே முன்வழுவும் இயல்போடுதான் அமைக்கப்பட்டிருக்கும். ஏனெனில் முன்பக்கம் வழுவும்போது சாதாரண ஓட்டுநர் இயல்பாகச் செய்வது அக்சிலறேற்றரிலிருந்து காலை எடுப்பது. காலை எடுத்தாலே கார் பெரும்பாலும் மீண்டும் பிடிக்குள் வந்துவிடும். பின்பக்கம் வழுவினால் அந்த அதே செயல் நிலைமையை மோசமாக்கும்.

பின் சஸ்பென்ஷனை, அதாவது பின்சில்லுகளைக் காரின் உடலோடு இணைத்துத் தாங்கும் ஸ்பிறிங், கைகள் முதலியவற்றை, மாற்றும்போது நாம் உண்மையில் செய்வது, இந்த இரண்டு இயல்புகளுக்கும் நடுவே காரை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பதுதான். இதற்கு அடிப்படையான ஒரு கணக்கை முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு முன்சில்லு இழுவைக் காரின் எடை 1100 கிலோ என்றும், அதில் 62 சதவீதம் முன்சில்லுகளிலும் மீதி பின்சில்லுகளிலும் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தில் ஏறக்குறைய 418 கிலோ, ஒரு சில்லுக்கு 209 கிலோ. இந்தக் கார் புவியீர்ப்பின் 0.6 மடங்கு விசையோடு வலப்பக்கம் வளையும்போது எடை இடப்பக்கச் சில்லுகளுக்குச் சாய்கிறது. எவ்வளவு சாய்கிறது என்பதை அறிய, எடையையும் அந்த 0.6 ஐயும் புவியீர்ப்பு மையத்தின் உயரத்தையும் பெருக்கி, இடச்சில்லுக்கும் வலச்சில்லுக்கும் இடைப்பட்ட அகலத்தால் வகுக்க வேண்டும். மையத்தின் உயரம் அரை மீற்றரும் அகலம் 1.45 மீற்றரும் என்றால், விடை ஏறக்குறைய 228 கிலோ. இந்தக் கணக்கில் ஸ்பிறிங் எங்கேயும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கடினமான ஸ்பிறிங் போட்டால் காரின் உடல் சாய்வது குறையும்; ஆனால் உட்பக்கச் சில்லிலிருந்து வெளிப்பக்கச் சில்லுக்கு மாறும் அந்த 228 கிலோ அநேகமாக அப்படியே இருக்கும். ஸ்பிறிங்கும், இடச்சில்லையும் வலச்சில்லையும் இணைக்கும் ஸ்ரெபிலைசர் கம்பியும் தீர்மானிப்பது, அந்தச் சுமை மாற்றத்தில் எவ்வளவு பங்கை முன்பக்கம் ஏற்பது, எவ்வளவு பங்கைப் பின்பக்கம் ஏற்பது என்பதை மட்டுமே. எந்தப் பக்கம் மற்றதைவிடக் கடினமாக இருக்கிறதோ, அந்தப் பக்கமே அதிகப் பங்கைத் தாங்கும்.

பங்கு மாறுவதால் என்ன நடக்கிறது? இங்கேதான் ரயரின் ஓர் இயல்பு குறுக்கே வருகிறது. நெல் அறுவடைக் காலத்தில் மூட்டை சுமப்பவர்களைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரண்டு பேர் ஆளுக்கொரு மூட்டை சுமந்தால் இருவரும் சீராக நடப்பார்கள். இரண்டு மூட்டையையும் ஒருவர் தலையிலேயே ஏற்றிவிட்டு மற்றவரை வெறுங்கையோடு நடக்கவிட்டால், சுமந்தவர் தள்ளாடுவார், மற்றவரால் பயனில்லை, இருவரும் சேர்ந்து முடிக்கும் வேலை குறைந்துவிடும். ரயரும் அப்படித்தான். சுமை கூடக்கூட அதன் பிடி கூடும், ஆனால் சுமை கூடிய அளவுக்குக் கூடாது. எனவே ஓர் அச்சின் இரு ரயர்களில் ஒன்றின்மீது அதிகமாகவும் மற்றதன்மீது குறைவாகவும் சுமை விழுந்தால், அந்த இரண்டின் மொத்தப் பிடி குறைந்துபோகும். மேலே சொன்ன காரில் பின்பக்கம் 40 சதவீதப் பங்கை ஏற்றால், பின்னே வெளிச்சில்லில் 300 கிலோவும் உட்சில்லில் 118 கிலோவும் இருக்கும். பின்பக்கத்தைக் கடினமாக்கி அந்தப் பங்கை 55 சதவீதமாக்கினால் வெளிச்சில்லில் 334, உட்சில்லில் 84. பின்பக்கத்தின் பிடி சற்றுக் குறைகிறது, முன்பக்கத்தின் சுமை சமப்பட்டு அதன் பிடி சற்றுக் கூடுகிறது, முன்வழுவல் தணிகிறது. ஆகவே பின் சஸ்பென்ஷனைக் கடினமாக்குவது பின்பக்கத்துக்குப் பிடியைச் சேர்க்கும் வேலையன்று. பின்பக்கத்தின் பிடியில் ஒரு பகுதியை விலையாகக் கொடுத்து முன்பக்கத்துக்கு வாங்குவது. விலை எவ்வளவு என்று தெரியாமல் வாங்கக் கூடாது.

இதற்குப் பலரும் முதலில் கைவைப்பது பின் ஸ்ரெபிலைசர் கம்பியில்தான். இடச்சில்லையும் வலச்சில்லையும் இணைத்துக் காரின் அடியில் குறுக்காக ஓடும் வளைந்த உருக்குக் கம்பி அது. இரண்டு சில்லும் சேர்ந்து எழும்பினால் சும்மா சுழலும், ஒன்று எழும்பி மற்றது தாழும்போது முறுகி எதிர்க்கும். அதன் கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்காகக் கூடும் என்பது கண்ணால் பார்த்து ஊகிக்க முடியாத விடயம். 16 மில்லிமீற்றர் கம்பியை எடுத்துவிட்டு 18 மில்லிமீற்றர் கம்பி போட்டால், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் கடினம் 1.6 மடங்காகிவிடும். 22 மில்லிமீற்றர் போட்டால் மூன்றரை மடங்கு.

இந்தக் கணக்கை நான் புத்தகத்தில் படித்தும், அதன் பொருளை ஒரு ஐப்பசி மாதத்தில்தான் உணர்ந்தேன். கோடை முழுவதும் ஒரு தம்பியின் சிவிக்கில் வேலை செய்தோம். 1987 முதல் 2000 வரை வந்த சிவிக் தலைமுறைகளில் நான்கு சில்லுக்கும் இரட்டை விஷ்போன் அமைப்பு, அதாவது ஒவ்வொரு சில்லையும் மேலும் கீழுமாக இரண்டு கைகள் பிடிக்கும் அமைப்பு, இருப்பதால் அவை சிறிய மாற்றத்துக்கும் உடனே பதில் சொல்லும். நான் 16 மில்லிமீற்றர் கம்பியைக் கழற்றி 22 மில்லிமீற்றர் கம்பி பூட்டி, பின்சில்லுகளையும் முற்றிலும் நேராக நிறுத்திவிட்டேன். காய்ந்த தாரில் அந்தக் கார் கத்திபோலத் திரும்பியது. எங்கள் இருவருக்கும் பெருமகிழ்ச்சி. முதல் மழை பெய்த அன்று, மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டான் பக்கமாக ஏ34 வீதியில் போகும்போது, ஒரு வளைவில் மாட்டுப் பட்டி குறுக்கே நிற்பதைக் கண்டு அவர் காலை எடுத்திருக்கிறார். கார் முழுவதாகச் சுழன்று, வந்த திசையைப் பார்த்தபடி கிறவல் ஓரத்தில் நின்றது. மாட்டுக்கும் ஒன்றும் ஆகவில்லை, அவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தொலைபேசியில், "அண்ணை, நான் பிறேக்கே பிடிக்கேல்லை, பின்பக்கம் தன்ரபாட்டிலை வந்திட்டுது" என்றார். அது அவருடைய பிழையன்று. நான் செய்த அமைப்பின் பிழை.

அன்று நடந்ததன் இயந்திரவியல் எளிமையானது. வளைவின் நடுவே காலை எடுத்தால் எடை முன்னோக்கி நகர்கிறது, பின்சில்லுகள் இலேசாகின்றன, ஏற்கெனவே பிடியைக் குறைத்து வைத்திருந்த பின்பக்கத்துக்கு அதுவே எல்லை. இந்தச் சிக்கலை உலகின் பெரிய நிறுவனங்களும் கண்டிருக்கின்றன. 1977 இல் வெளிவந்த போர்ஷே 928 இல், ஓட்டுநர் வளைவில் காலை எடுக்கும்போது வெளிப்பக்கப் பின்சில்லு வெளிநோக்கித் திரும்பிவிடாமல் தானாகவே உள்நோக்கித் திரும்பும்படி, வைசாக் அச்சு என்று பெயரிடப்பட்ட ஒரு பின் சஸ்பென்ஷனை வடிவமைத்தார்கள். எங்கள் வீதிகளில் மாடும் யானையும் நாயும் எந்த வளைவுக்கு அப்பாலும் நிற்கலாம் என்பதால், வன்னியில் ஓடும் காரின் பின் அமைப்பைச் சோதிக்கும் முதல் கேள்வி அது எவ்வளவு வேகமாகத் திரும்புகிறது என்பதாக இருக்கக் கூடாது. வளைவின் நடுவே காலை எடுத்தால் என்ன செய்கிறது என்பதாகவே இருக்க வேண்டும்.

எதையும் மாற்றுவதற்கு முன் புஷ்களைப் பாருங்கள். சஸ்பென்ஷன் கைகள் உடலோடு சேரும் இடங்களில் இருக்கும் இந்த ரப்பர் உருளைகள் இருபது, முப்பது ஆண்டுகள் பழைய கார்களில் பெரும்பாலும் வெடித்துப்போய் இருக்கும். வெடிப்புக்குள் கிறவல் புழுதி புகுந்து மிச்சத்தையும் அரைத்துவிடும். ஒரு நெம்புகோலை இடையில் கொடுத்து மெதுவாக அழுத்தும்போது கை தாராளமாக அசைந்தால், நீங்கள் அளந்து வைக்கும் எந்தக் கோணமும் வீதியில் நிற்காது. புதிய புஷ்களைப் போட்ட பின் பலருக்கு வேறு எந்த மாற்றமும் தேவைப்படாமலே போயிருக்கிறது.

அடுத்தது டோ எனப்படும் கோணம். மேலிருந்து பார்க்கும்போது சில்லின் முன்விளிம்பு காரின் உட்பக்கம் சாய்ந்திருந்தால் டோ இன், வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் டோ அவுட். பின்பக்கத்தில் சிறிதளவு டோ இன் காரை நேர்வீதியிலும் பிறேக் பிடிக்கும்போதும் அமைதிப்படுத்தும். டோ அவுட் காரை வளைவுக்குள் வேகமாகத் திரும்பவைக்கும், ஆனால் வாலை ஓயாமல் துடிக்கவைக்கும். பொதுவீதியில் ஓடும் காருக்குப் பின்பக்கம் டோ அவுட் வைப்பதை நான் ஒருபோதும் ஒப்புக்கொள்வதில்லை. இரு சில்லும் சேர்த்து 1 முதல் 3 மில்லிமீற்றர் வரையான டோ இன், தயாரிப்பாளர் குறித்த எல்லைக்குள், பெரும்பாலான கார்களுக்குப் போதும்.

இதை அளப்பதற்குக் கணினி இயந்திரம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் முடியும். சமதளமான சீமெந்துத் தரையில் காரை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையில் ஒரு நெல் மூட்டையை ஏற்றிவிடுவேன்; எழுபது கிலோ அளவிலான ஒரு மூட்டை, ஓட்டுநர் உட்கார்ந்திருப்பதற்குச் சமம். பிறகு காரை ஐந்தாறு அடி முன்னே தள்ளிப் பின்னே தள்ளி நிறுத்த வேண்டும். ஜக்கிலிருந்து இறக்கியவுடன் ரயர்கள் தரையைப் பற்றிக்கொண்டு சஸ்பென்ஷனை முறுக்கியே வைத்திருக்கும், உருண்ட பிறகுதான் அது தன் இடத்தில் அமரும். காருக்கு முன்னும் பின்னும் ஒவ்வோர் இரும்புக் குழாயைக் குறுக்கே வைத்து, அவற்றின் முனைகளில் இருந்து காரின் இருபுறமும் நைலோன் நூலைச் சில்லின் நடு உயரத்தில் இழுத்துக் கட்ட வேண்டும். இரு நூலுக்கும் இடைப்பட்ட தூரம் முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டும்; ஒவ்வோர் அச்சிலும் இடச்சில்லின் நடுவிலிருந்து நூலுக்கு உள்ள தூரமும் வலச்சில்லின் நடுவிலிருந்து நூலுக்கு உள்ள தூரமும் சமமாக வரும்வரை குழாய்களை நகர்த்த வேண்டும். இதற்கே அரை மணித்தியாலம் போகும். அதில் அவசரப்பட்டால் பிறகு அளப்பதெல்லாம் வீண். அதன்பின் ஓர் உருக்கு அடிமட்டத்தால் நூலிலிருந்து றிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரங்களை அளந்து கழித்தால், அந்தச் சில்லின் டோ கிடைத்துவிடும். 15 அங்குல றிம்மில் 1 மில்லிமீற்றர் வித்தியாசம் என்பது ஏறக்குறைய 0.15 பாகை. அவ்வளவு சிறிய அளவையும் காரின் நடத்தையில் உணர முடியும்.

திருத்துவதற்குப் பல கார்களில் பின்பக்கக் கைகளில் ஒன்றின் அடியில், துளை நடுவிலன்றி ஒரு பக்கம் ஒதுங்கிய வட்டத் தகட்டோடு கூடிய போல்ற்று இருக்கும். அதைத் திருப்பும் முன் தகட்டின் பழைய நிலையைச் சோக்கால் குறித்துக்கொள்ளுங்கள். பின்னே இரு சில்லையும் ஒரே குறுக்குச் சட்டமாக இணைத்த அச்சுள்ள சிறிய கார்களில் இந்தத் திருத்தம் இருக்காது. அவற்றில் தகடு வைத்துத்தான் மாற்ற வேண்டும், அதைத் தொடக்கநிலையில் இருப்பவர் செய்ய வேண்டாம்.

கேம்பர் என்பது முன்னிருந்து பார்க்கும்போது சில்லின் தலைப்பகுதி உள்ளே சாயும் கோணம். மேசன்மார் பயன்படுத்தும் தூக்குக் குண்டு நூலை றிம்மின் அருகே தொங்கவிட்டு அளக்கலாம். 15 அங்குல றிம்மில் 1 பாகைக்கு ஏறக்குறைய 6.6 மில்லிமீற்றர். வளைவில் உடல் சாயும்போது வெளிச்சில்லு தட்டையாகத் தரையில் படிவதற்காக இச்சாய்வு தேவை. பின்பக்கத்தில் இதைக் கூட்டினால் பின்பிடி கூடும். காரைப் பதித்தவர்களுக்கு இது கேட்காமலே கூடியிருக்கும், ரயரின் உள்விளிம்பு தேய்வதிலிருந்து அறியலாம்.

ஸ்பிறிங்கின் அதிர்வை அடக்கும் ஷொக் அப்சோபரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் எங்கள் கிறவல் வீதிகள் அதை மிகவும் சோதிப்பவை. ஷொக், வளைவின் நடுவே நிலைத்து நிற்கும் காரின் சாய்வை மாற்றாது. வளைவுக்குள் நுழையும் கணத்திலும் வெளியேறும் கணத்திலும் சுமை எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை மட்டுமே ஆளும். தலையில் குமிழ் உள்ள ஷொக்குகளில் பெரும்பாலும் அது மீள்வேகத்தை, அதாவது அமுங்கிய ஸ்பிறிங் திரும்ப நீளும் வேகத்தைக் கட்டுப்படுத்தும். குமிழை முழுவதும் இறுக்கிவிட்டால் கார் இறுக்கமாக உணரப்படும் என்று பலர் அதை அப்படியே விட்டுவிடுகிறார்கள். மழைக்குப் பின் அலையலையாக மேடுபட்டுக் கிடக்கும் ஒரு கிறவல் ஒழுங்கையில் அந்தக் காரைக் கொண்டுபோனால், முதல் மேட்டில் அமுங்கிய சில்லு நீள்வதற்குள் அடுத்த மேடு வந்துவிடும். அதிலிருந்து நீள்வதற்குள் இன்னொன்று. இப்படியே பின்பக்கம் படிப்படியாகக் கீழே இறங்கி, ஸ்பிறிங் அசைய இடமில்லாமல், அது அளவுமீறி அமுங்காதபடி தடுக்கும் பம்ப் ரப்பரில் உட்கார்ந்துவிடும், ரயர் மேட்டுக்கு மேடு தாவும். குமிழை முழு இறுக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டு தளர்த்தி, நடுவில் தொடங்கி, ஒரு நேரத்தில் இரண்டு கிளிக்குக்கு மேல் மாற்றாமல் ஓட்டிப் பார்ப்பதே நிதானமான வழி.

அந்தப் பம்ப் ரப்பர்தான் காரைப் பதிப்பதன் மறைந்த ஆபத்து. உயரத்தைக் குறைக்கும்போது ஸ்பிறிங் அமுங்குவதற்கான இடமும் குறைகிறது. பின்னிருக்கையில் மூன்று பேரும் டிக்கியில் சாமான்களும் இருக்கும் நாளில், வளைவின் நடுவே ஒரு குழியில் இறங்கினால் பின்பக்கம் ரப்பரில் மோதும். மோதிய கணத்திலேயே அந்தச் சில்லின் கடினம் பல மடங்காகும். மேலே சொன்ன சுமைப் பங்கு முன்னறிவிப்பின்றிப் பின்பக்கம் பாய்ந்து, வால் வீசப்படும். பதித்தே ஆகவேண்டும் என்பவர், ஷொக்கின் தண்டில் ஒரு சிறிய றப்பர் பாண்டைக் கட்டி ஓட்டிவிட்டு வந்து, அது எவ்வளவு மேலே தள்ளப்பட்டிருக்கிறது என்று பார்க்கட்டும். பின் ஸ்பிறிங் முன் ஸ்பிறிங்கைவிடச் சற்று வேகமாக அதிர வேண்டும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: 1930களில் ஜெனரல் மோட்டர்ஸில் மொரிஸ் ஒலி என்ற பொறியியலாளர் நிறுவிய விதி அது. மேட்டை முன்சில்லு முதலில் கடக்கிறது. பின்னர் கடக்கும் பின்பக்கம் வேகமாக அதிர்ந்தால்தான் முன்பக்கத்தை எட்டிப்பிடித்து, கார் முன்னும் பின்னும் ஊஞ்சலாடாமல் சமமாக அடங்கும்.

செலவே இல்லாத திருத்தம் ரயரின் காற்றழுத்தம். 1960களின் தொடக்கத்தில் வந்த செவர்லே கோர்வேர் என்ற பின்எஞ்சின் காருக்கு முன்பக்கம் 15 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு), பின்பக்கம் 26 பி.எஸ்.ஐ. என்று தயாரிப்பாளரே குறித்திருந்தார். அந்த வித்தியாசத்தைப் பேணாமல் ஓட்டியவர்களுக்கு அதன் வால் ஆபத்தானதாக இருந்தது. கதவின் ஓரத்தில் ஒட்டியிருக்கும் அளவிலிருந்து தொடங்கி, பின்பக்கத்தில் 2 பி.எஸ்.ஐ. கூட்டியோ குறைத்தோ பாருங்கள். அளப்பது விடியற்காலையில், வண்டி ஓடுவதற்கு முன்பாக இருக்கட்டும். ரயரின் வெப்பம் 10 பாகை செல்சியஸ் ஏறினாலே ஏறக்குறைய ஒன்றரை பி.எஸ்.ஐ. கூடிவிடும், பங்குனி வெயிலில் மதியம் அளப்பது உங்களை ஏமாற்றும்.

ஓட்டிப் பார்ப்பது எங்கே? ஏ9 போன்ற பொதுவீதியில் அல்ல. ஊருக்கு வெளியே காருக்குச் சட்டம் அனுமதிக்கும் 70 கிலோமீற்றர் வேகத்தில் இவற்றின் எல்லையைக் காண முடியாது. காண முயல்பவர் மற்றவர்களுடைய உயிரை வைத்து முயல்கிறார். உரிமையாளரின் அனுமதியோடு ஒரு பரந்த, இறுகிய திடலில் 15 மீற்றர் ஆரமுள்ள ஒரு வட்டத்தைச் சுண்ணாம்பால் கீறிக்கொள்ளுங்கள். அந்த வட்டத்தில் மணிக்கு 34 கிலோமீற்றர் வேகத்தில் போனாலே, முன்பு கணக்கிட்ட 0.6 மடங்கு விசை வந்துவிடும். வேகத்தை மெதுவாகக் கூட்டும்போது கோட்டுக்கு வெளியே முதலில் போவது மூக்கா வாலா என்று பார்த்து, பின் மெதுவாகக் காலை எடுத்தும் பார்க்கலாம். மண்தரையும் தாரும் ஒன்றல்ல என்பதால் இறுதி அமைப்பை அங்கே முடிவு செய்ய முடியாது. ஆனால் உங்கள் காரின் சுபாவத்தை அங்கே கற்றுக்கொள்ளலாம். போட்டியளவில் ஓட்ட விரும்புவோருக்கு அனுராதபுரத்துச் சாலியபுரவில் கஜபா சுப்பர்குறோஸ் நடைபெறும் களம் வவுனியாவிலிருந்து அதிக தூரமில்லை. பார்வையாளராகப் போனாலே, முன்சில்லு இழுவைக் கார்கள் உட்பக்கப் பின்சில்லைத் தூக்கியபடி திரும்புவதைக் காணலாம். அந்தச் சில்லில் சுமை பூச்சியமாகிவிட்டது, பின்பக்கம் அதற்குமேல் எதையும் ஏற்க முடியாது என்பதே அக்காட்சியின் பொருள்.

பின்சில்லு இழுவைக் கார்களுக்கும் நான்குசில்லு இழுவைக் கார்களுக்கும் ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். அவற்றில் பின்சில்லுகள் காரைத் தள்ளும் வேலையையும் செய்வதால், பின் கம்பியை மிகக் கடினமாக்கினால் வளைவிலிருந்து வெளியேறும்போது இலேசான உட்சில்லு வெறுமனே சுழலும். அங்கே அளவு இன்னும் குறைவாக இருக்கட்டும்.

புதிதாகச் சோதிக்கும்போது ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, ஒவ்வொன்றையும் ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். அந்தச் சிவிக்கில் இப்போது இருப்பது 18 மில்லிமீற்றர் கம்பி. அதன் கையில் இரண்டு துளைகள் உண்டு. முனைக்குக் கிட்டிய துளையில் நெம்பு நீளமாவதால் கம்பி மென்மையாகும், உட்துளையில் கடினமாகும். புரட்டாதி முடிந்து முதல் இடி கேட்டதும் அவர் கராஜுக்கு வருவார். கம்பியை முனைத்துளைக்கு மாற்றுவோம், பின்பக்க டோ இன்னை 1 மில்லிமீற்றரிலிருந்து 2 ஆக்குவோம், ஷொக்கில் இரண்டு கிளிக் தளர்த்துவோம். தை மாதம் அறுவடை தொடங்கி வீதி காய்ந்த பிறகு, கொப்பியைப் பார்த்து மூன்றையும் பழைய நிலைக்குத் திருப்புவோம்.